திட்டப் பணியில் உதவியாளர்: சித்தேரி மலையை முன்வைத்து ஓர் ஆய்வு

1951ஆம் ஆண்டில் முதல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கிய நாள் முதல் 'திட்டம்' என்ற சொல் புழங்காத ஊர் நம் நாட்டில் இல்லை எனலாம். அணைத் திட்டம், சாலைத் திட்டம், குடிநீர்த் திட்டம் என அதன் வகைகள் பல. ஆயினும் திட்டம் என்றதும் நம் நினைவுக்கு வருபவர்கள் அமைச்சரும் பொறியாளரும் ஒப்பந்தக்காரருமே. இவர்களுக்கு நடுவே கோப்பைச் சுமந்து, தேதியைக் கவனித்து நிற்கும் உதவியாளரைப் பற்றி எழுதுவார் அரியர். பட்டம் பெற்று வெளியேறும் நம்மில் பலர் முதலில் அமரப்போவது அந்த நாற்காலியில்தான். ஆதலின் அப்பணியின் இயல்பையும் அதில் உயரும் வழியையும், நமக்கு அண்மையிலுள்ள சித்தேரி மலையைக் களமாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பணிக்கு நம் நாட்டில் ஒரு முன்னோடி உண்டு. 1952 அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டபோது, ஊருக்கும் வளர்ச்சி வட்டாரத்துக்கும் இடையே நின்றவர் 'கிராம சேவக்' என்னும் ஊழியர். உரம், விதை, கிணறு, சுகாதாரம், முதியோர் கல்வி என எல்லாமே அவர் தலையில் ஏறின. பதிவேடுகளும் ஏறின. எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லிவிட்டு, எதை முதலில் பார்ப்பது என்று சொல்லாமல் விட்டால் எவராலும் நிறைவாகப் பணியாற்ற இயலாது அன்றோ!

எதை முதலில் பார்ப்பது என்னும் இக்கேள்விக்கு 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் விடை தேடினர். டூபாண்ட் நிறுவனத்தார் இரசாயனத் தொழிற்சாலைப் பணிகளுக்காக 'கிரிட்டிகல் பாத்' என்னும் முறையை வகுத்தனர். அந்நாட்டுக் கடற்படையினர் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காகப் 'பெர்ட்' முறையைக் கண்டனர். பெயர்கள் மிரட்டினாலும் கருத்து எளியது: எந்த வேலை எந்த வேலைக்காகக் காத்திருக்கிறது என்பதை வரைந்து பார், காத்திருக்கும் சங்கிலிகளுள் மிக நீண்டதுவே திட்டம் முடியும் நாளைத் தீர்மானிக்கும்.

இதைச் சித்தேரியில் பொருத்திப் பார்ப்போம். அரூரை அடுத்து எழும் கிழக்குத் தொடர்ச்சி மலையில், மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் வாழும் அறுபதுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள் சேர்ந்த ஊராட்சி அது. சுற்றிலும் காப்புக்காடு. கலசப்பாடி, அரசநத்தம் போன்ற சிற்றூர்கள் நல்ல சாலைக்காகப் பல்லாண்டுகள் காத்திருந்தவை. சமவெளியில் ஒரு குழாய் பதிப்பதும் இங்கே பதிப்பதும் ஒன்றாகா; இங்கே நிலம் வனத்துறையைச் சேர்ந்ததாக இருக்கக்கூடும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பிரிவு 3(2), இதற்கு ஒரு வழி தருகிறது. பள்ளி, அங்கன்வாடி, சாலை, குடிநீர்க் குழாய் முதலிய 13 வகை வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்கு மேற்படாமலும், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமலும், வனநிலத்தைப் பயன்படுத்தலாம். ஆனால் கிராம சபையின் பரிந்துரை வேண்டும்.

இப்போது ஒரு கற்பனைக் கணக்கு. தீர்மானம் நிறைவேறியபின் வன அனுமதிக்கு 90 நாள். அதே காலத்தில் மதிப்பீடு தயாரிக்க 20 நாள். இரண்டும் முடிந்தபின் ஒப்பந்தப்புள்ளிக்கு 30, பொருள்களை மலையேற்ற 10, கட்டி முடிக்க 45. மொத்தம் 175 நாள். மதிப்பீட்டை 20 நாளுக்குப் பதில் 10 நாளில் முடித்த உதவியாளர் பாராட்டுப் பெறலாம்; திட்டம் ஒரு நாள்கூட முந்தாது. வன அனுமதி விண்ணப்பத்தை 10 நாள் மேசையில் வைத்திருந்தவரோ எல்லாவற்றையும் 10 நாள் தள்ளிவிட்டார்.

மே 1 கிராம சபையில் தீர்மானம் நிறைவேறினால் அக்டோபர் 23 அளவில் வேலை முடியும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வேளை அது. மே 1ஐத் தவறவிட்டால் அடுத்து வருவது ஆகஸ்ட் 15. இடையில் 106 நாள். வேலை முடிவது பிப்ரவரிக்குப் போய்விடும்; பொருள் ஏற்றுவது டிசம்பர் மாதத்தில், மழையில் நனைந்த மலைப்பாதையில். அதிலும் ஏதேனும் தடங்கல் நேர்ந்தால் மார்ச் 31இல் நிதியாண்டும் முடிந்துவிடுகிறது. இடையில் சிறப்புக் கிராம சபை கூட்டலாமே என்பர். கூட்டலாம், ஆனால் அதையும் உரிய அலுவலருக்கு ஒருவர் நினைவூட்டியாக வேண்டும். அந்த ஒருவர் உதவியாளரே. அவர் நினைவூட்டத் தவறினால் மலைமேல் ஒரு பெண் இன்னொரு கோடையிலும் குடத்துடன் ஊற்றுக்கு நடக்க வேண்டியதாகிறது. வள்ளுவர் காலமறிதல், இடனறிதல் என இரு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தது இங்கு எண்ணத்தக்கது.

தேதியை அறிந்தால் மட்டும் போதுமா? போதாது. தன்பதிவேட்டில் 'பணி நடைபெறுகிறது' என்று எழுதுவது எளிது. நடைபெறுகிறதா என்று பார்க்க மலையேற வேண்டும். மணல் எந்த வளைவு வரை லாரியில் வரும், அதற்குமேல் எப்படிப் போகும் என்பதை மதிப்பீட்டுத் தாள் சொல்லாது, ஊரார் சொல்வார்கள். மலையூரில் பெரியவரிடம் அமர்ந்து கேட்கத் தெரிந்த உதவியாளர், ஓவர்சியருக்கும் பி.டி.ஓ.வுக்கும் இன்றியமையாதவராகிறார். தாமதம் நேரும் எனத் தெரிந்தால் அதை மேலதிகாரியிடம் அன்றே சொல்லிவிடுவதும் வேண்டும். கூடவே இரண்டு மாற்று வழிகளையும் எழுதிக்கொண்டு போவாரானால், அவர் பாதி அதிகாரி ஆகிவிட்டார் என்பது என் கருத்து.

முறையான உயர்வுக்கும் படிகள் உண்டு. ஊரக வளர்ச்சித் துறையில் இளநிலை உதவியாளர், உதவியாளர், துணை வட்டார வளர்ச்சி அலுவலர், வட்டார வளர்ச்சி அலுவலர் என ஏணி அமைந்துள்ளது. தனியார் நிறுவனங்களை நாடுவோருக்கு, 1969இல் அமெரிக்காவில் தோன்றிய திட்ட மேலாண்மைக் கழகம் தொடக்கநிலைச் சான்றிதழ் ஒன்றை வழங்குகிறது. அதற்கு முன்அனுபவம் தேவையில்லை, 23 மணி நேரப் பயிற்சி போதும். அரசுப் பணியில் சேர்வோருக்கு அரசுப் பணியாளர் தேர்வாணையம் மே, டிசம்பர் மாதங்களில் துறைத் தேர்வுகளை நடத்துகிறது. அவற்றுள் கணக்குத் தேர்வை முதலில் எழுதிவிடுவது நல்லது. பட்டியலும் மதிப்பீடும் அன்றாடம் கைக்கு வருபவை. படித்தது மறுநாளே பயன்படும்.