கோத்தாவிலிருந்து வந்த கொத்து

கேள்வி: பிரிட்டிஷ் அரச குடும்பத் திருமணங்களில் மணப்பெண் ஏந்தி வரும் பூச்செண்டில் ஒவ்வொரு பூவுக்கும் ஓர் அர்த்தம் உண்டாமே! யார் வைத்த அர்த்தம்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: பாதிக்கு மேல் புத்தகம் போட்டவர்கள் வைத்ததுதான். 1819இல் பாரிஸில், சார்லட் த லாத்தூர் என்ற புனைபெயரில் ‘பூக்களின் மொழி’ என்றொரு நூல் வெளிவந்தது. இன்ன பூவுக்கு இன்ன பொருள் என்று அகராதி போல. அது பரபரப்பாக விற்கவே, ஆளாளுக்கு ஓர் அகராதி போட்டார்கள். 1884இல் லண்டனில் கேட் கிரீனவே படம் வரைந்து வெளியிட்டதும் அந்த வரிசைதான். அந்தக் கால அகராதியில் மஞ்சள் ரோஜா என்றால் பொறாமை. இன்றைய பூக்கடையில் கேட்டால் நட்பு என்பார்கள்.

2011இல் கேட் மிடில்டன் பிடித்திருந்த செண்டில் ‘லில்லி ஆஃப் தி வேலி’ இருந்தது. மகிழ்ச்சி மீண்டு வருவதன் அடையாளமாம். வேர் முதல் பூ வரை நஞ்சு என்பது வேறு விஷயம். கூடவே ‘ஸ்வீட் வில்லியம்’. மாப்பிள்ளை பெயரே வில்லியம்; இதற்கு அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை.

ஆனால் அந்தச் செண்டில் அகராதிகளைவிடப் பழைய சங்கதி ஒன்று உண்டு: மிர்ட்டில். நம்மூர் நாவலுக்கும் கொய்யாவுக்கும் ஒன்றுவிட்ட உறவு. கரும்பச்சையில் பளபளக்கும் சின்ன இலை, கசக்கினால் வாசனை. வெள்ளைப் பூவின் நடுவே கொய்யாப் பூவில் இருப்பது போலவே இழை இழையாய் மகரந்தத் தாள்கள். கிரேக்கர்கள் இதைக் காதல் தெய்வம் அஃப்ரோடைட்டிக்கு உரியதாக்கினார்கள்.

ஜெர்மனியின் கோத்தாவுக்குப் போயிருந்த விக்டோரியா மகாராணிக்குக் கணவர் ஆல்பர்ட்டின் பாட்டி ஒரு பூங்கொத்து கொடுத்தார். அதிலிருந்த மிர்ட்டில் குச்சியை 1845இல் வைட் தீவிலுள்ள ஆஸ்போர்ன் மாளிகைச் சுவரோரம் நட்டார்கள் என்பது அரண்மனை சொல்லும் வரலாறு. 1858இல் மூத்த மகளின் கல்யாணத்துக்கு அது பயன்பட்டது. அன்று தொடங்கிய வழக்கம். கேட்டின் செண்டில் அந்த ஆஸ்போர்ன் செடியின் கொம்பு ஒன்று. 1947இல் எலிசபெத்தின் கல்யாணச் செண்டில் இருந்த கொம்பை நட்டு வளர்த்த செடியிலிருந்து இன்னொன்று.

அந்த 1947 செண்டுக்கு நேர்ந்த கதி தனி. கல்யாண நாளன்றே காணாமல் போய்விட்டது! புதிதாக ஒன்று கட்டி, தேனிலவின்போது தம்பதி மறுபடி கல்யாண உடை உடுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். 1981இல் டயானாவுக்கு முன்ஜாக்கிரதையாக இரண்டு செண்டு கட்டினார்கள்.

எலிசபெத்தின் தாயார் தன் செண்டைத் தானே விட்டுக்கொடுத்தவர். 1923இல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்குள் மணப்பெண்ணாக நுழைந்தவர், வழியிலிருந்த பெயர் தெரியாத போர்வீரனின் கல்லறை மீது அதை வைத்துவிட்டு வெறுங்கையோடு மணமேடைக்கு நடந்தார். அவருடைய அண்ணன் ஃபெர்கஸ் 1915இல் லூஸ் சண்டையில் மாண்டவர். பின்னால் வந்த மணப்பெண்கள் கல்யாணம் முடிந்த பிறகு செண்டை அங்கே அனுப்புகிறார்கள். 2018இல் வின்ட்சரில் மணமுடித்த மேகனின் செண்டும் மறுநாள் அந்தக் கல்லறைக்குப் போய்ச் சேர்ந்தது.