மண்பானைக்கு மண்ணாலேயே அலங்காரம்: நெல்லைக் குறிப்புகள்

காருகுறிச்சிப் பானையும் மாவடிச் சட்டியும் நெல்லை வீடுகளுக்குப் புதிதில்லை. இப்போது விடுமுறையில் பிள்ளைகள் வீட்டிலேயே கையால் கலயம் செய்கிறார்கள். வாங்கிய பானைக்குப் பெரியவர்கள் வர்ணம் பூசுகிறார்கள். வர்ணக்கடைக்குக் கிளம்பும் முன் ஒன்றை யோசியுங்கள். மண், காவி, புகை, விரல்நுனி இவற்றை மட்டும் வைத்துத் தாமிரபரணிக் கரையில் இரும்புக்காலத்தவர் செய்த வேலைப்பாடு இன்றும் ஓடுகளில் அழியாமல் இருக்கிறது. அதே வழியில் நாமும் செய்யலாம்.

1. எந்த வேலைப்பாட்டுக்கும் பதம்தான் முக்கியம். நகத்தால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், விரலில் மண் ஒட்டக் கூடாது. அந்தப் பாதி காய்ந்த நிலையில்தான் கீறுவது, ஒட்டுவது, தேய்ப்பது எல்லாம். வெயிலில் வைத்து அவசரப்படுத்த வேண்டாம். ஈரத்துணி போர்த்தி நிழலில் வைத்தால் அந்தப் பதம் கூடுதல் நேரம் நிற்கும்.

2. உருவம் ஒட்டுவது. அதே தாமிரபரணிக் கரையில் உள்ள ஆதிச்சநல்லூரில் 2004-05இல் இந்தியத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் ஒரு பானை ஓடு கிடைத்தது. ஒரு பெண், நெற்கதிர், கொக்கு, மான், முதலை, இத்தனையும் அதில் புடைத்து நிற்கின்றன. எல்லாம் மண்ணை உருட்டி ஒட்டிய வேலை. ஆற்றங்கரையில் கண்ணால் பார்த்ததையே அந்தக் கை செய்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உங்கள் பிள்ளைகளுக்கும் அதையே சொல்லுங்கள்: வாழை, பனை, மாடு, வாசலில் வரும் மைனா. ஒட்டும் இடத்தை முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அதே மண்ணைக் குழம்பாகக் கரைத்துத் தடவி, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள். உள்ளே காற்று தங்கினால் அந்த இடம் சரியாக ஒட்டாமல் பிறகு கழன்றுவிடும். பானை காய்ந்திருக்க, ஒட்டும் மண் மட்டும் ஈரமாக இருந்தாலும் நிற்காது. ஈர மண் கூடுதலாகச் சுருங்கி விரிசல் விடும். இரண்டும் ஒரே ஈரத்தில் இருக்க வேண்டும்.

3. கயிற்றுப் பட்டை. தமிழகத்தில் கிடைத்த முதுமக்கள் தாழிகள் பலவற்றில் கழுத்தைச் சுற்றி விரலால் அழுத்திய பட்டை ஓடும். விரல் பருமனில் ஒரு திரி உருட்டிக் கழுத்தில் சுற்றி ஒட்டி, கட்டை விரலால் வரிசையாக அழுத்துங்கள். தென்னங்கயிற்றை அழுத்தி எடுத்தாலும் முறுக்குத் தடம் அழகாக விழும். கழுத்தும் உடலும் சேரும் இடத்துக்கு அது பலமும் கூட்டும்.

4. காவிப் பூச்சு. காவிக்கல்லை அல்லது நல்ல செம்மண்ணைப் பொடித்துத் தண்ணீரில் கலக்கி, மணல் அடியில் தங்கியதும் மேல் கலங்கலை மட்டும் பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். பால் பதத்தில் இருந்தால் போதும். பாதி காய்ந்த பானையில் இரண்டு முறை பூசுங்கள். முழுக்கக் காய்ந்த பானையில் பூசினால் சுட்ட பிறகு செதிலாக உரியும்.

5. கூழாங்கல் மெருகு. காவி பூசி ஈரம் இழுத்ததும், ஆற்றில் உருண்டு வழவழப்பான கூழாங்கல்லால் சின்னச் சின்ன வீச்சாகத் தேயுங்கள். மண்ணின் நுண் துகள்கள் படிந்து இறுகுவதால் பளபளப்பு வரும், கசிவும் குறையும். குழம்புச் சட்டிக்கும் தயிர்ச் சட்டிக்கும் இது அருமை. கசிவு வேண்டியிருக்கும் தண்ணீர்ப் பானைக்கு விளிம்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

6. கறுப்பு. வெளியே சிவப்பும் உள்ளேயும் விளிம்பிலும் கறுப்புமான பழங்காலக் கலங்களை ஆதிச்சநல்லூரிலும் சிவகளையிலும் எடுத்திருக்கிறார்கள். மண்ணில் உள்ள இரும்பு, காற்றுப் பட்டு வெந்தால் சிவக்கும். காற்றில்லாமல் புகையில் வெந்தால் கறுக்கும். கலத்தைக் கவிழ்த்துச் சுட்டதால் இரண்டு நிறமும் வந்தன என்பது ஆய்வாளர்கள் பொதுவாகச் சொல்லும் விளக்கம். வீட்டில் செய்ய, ஏற்கெனவே சுட்ட, வர்ணம் படாத சின்னக் கலயத்தை, வர்ணமில்லாத பழைய தகர டின்னில் உமிக்குள் புதையுங்கள். மூடியில் ஆணித்துளை ஒன்று இருக்கட்டும். திறந்த வெளியில் விறகுத் தீயில் வைத்து, நன்றாக ஆறிய பிறகே திறக்க வேண்டும். சூடாக இருக்கும்போது திறந்தால் காற்றுப் பட்டுக் கறுப்பு எரிந்துபோகும். பெரியவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டிய வேலை இது.

7. பெயரும் அடையாளமும். அந்தக் காலத்துப் பானைகளில் கீறல் குறிகள் நிறைய உண்டு. நீங்களும் பெயரையோ ஒரு குறியையோ கீறலாம். பாதி காய்ந்த மண்ணில் ஈர்க்கால் கீறினால் ஓரத்தில் பிசிறு எழும். அப்போதே வழிக்காமல், காய்ந்த பிறகு துணியால் தட்டிவிடுங்கள்.

8. பொங்கல் பானை. நம் பக்கம் பானையைத் தாங்கும் பொங்கல் கட்டிகளுக்குச் சுண்ணாம்பு அடித்துக் காவிப் பட்டை போடுவது வழக்கம். பானைக்கும் அதையே செய்யலாம். கோலத்தைத் தோளிலும் கழுத்திலும் போடுங்கள், அடிப்பாகம் தீயில் கறுத்துவிடும். சுண்ணாம்பையும் காவியையும் சோற்றுக் கஞ்சியில் குழைத்தால் கையில் ஒட்டுவது குறையும்.

9. தண்ணீர்ப் பானைக்கு எனாமல், வார்னிஷ் இரண்டும் வேண்டவே வேண்டாம். சுவரில் உள்ள நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாவதால்தான் உள்ளே இருக்கும் தண்ணீர் குளிர்கிறது. அந்தத் துளையை அடைத்த பானை சித்திரை வெயிலில் எதற்கும் உதவாது. ஆசைக்கு மூடியிலும் பானை உட்காரும் மண் வளையத்திலும் வரைந்துகொள்ளுங்கள்.

10. சமைக்கும் சட்டி வாங்கும்போது வெளியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் மேலே பூச்சில்லை. முத்தாக உருண்டு நின்றால் ஏதோ பூசியிருக்கிறார்கள். என்ன பூச்சு என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். செந்தூரம் கலந்த சிவப்பு உணவு படும் பாத்திரத்துக்கு ஆகவே ஆகாது, அதில் ஈயம் இருக்கலாம்.

11. வீட்டில் செய்ததை அடுப்பில் சுட முயல வேண்டாம், அந்தச் சூடு போதாது. நிழலில் முழுக்கக் காய வைத்து, குயவர் சூளை போடும் நாளைக் கேட்டு, கூலி பேசிக் கொடுத்துவிடுங்கள். சாரல் காலத்தில் காய்வதற்குக் கூடுதல் நாள் விடுங்கள். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அப்படியே சூளைக்குப் போனால் வெடிக்கும்.

12. மாதிரி தேடுபவர்கள் ஆதிச்சநல்லூரில் களத்திலேயே அமைத்திருக்கும் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளோடு போய் வாருங்கள். 1899 முதல் 1905 வரை தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ அங்கே தோண்டி எடுத்தவற்றைப் பார்க்கச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். நோட்டும் பென்சிலும் கையில் இருக்கட்டும்.