லைனுக்குப் போகும் முன் சோதித்துவிடு

அன்புள்ள தம்பிக்கு,

ஒரகடத்தில் நீ சேர்ந்திருக்கும் உதிரிபாகத் தொழிற்சாலையில், ஷிஃப்ட் குறிப்புகளை ஏஐ கொண்டு தொகுக்கும் குழுவில் உன்னைப் போட்டிருப்பதாக எழுதியிருந்தாய். குழுவாகச் சேர்ந்து பிராம்ப்ட் எழுதவும் சோதிக்கவும் எந்தக் கருவி நல்லது என்றும் கேட்டிருந்தாய். கருவிகளைச் சொல்கிறேன். அவற்றுக்கு முன்னால் வரவேண்டிய ஒழுங்கு உன் ஷாப் ஃப்ளோரிலேயே இருக்கிறது, அதிலிருந்து தொடங்குவோம்.

இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் சான்ட்ரோ ஓடத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான் ஆலை வந்தது. இந்த ஆலைகளுக்குப் பாகம் கொடுக்கும் சிறு நிறுவனங்களும் ஒரு பழக்கத்துக்கு வந்தன. மெஷின் அருகே தொங்கும் வொர்க் இன்ஸ்ட்ரக்‌ஷனில் ரிவிஷன் எண், தேதி, மாற்றியவர், ஒப்புதல் தந்தவர் எல்லாம் இருக்க வேண்டும். முறையில் மாற்றம் வந்தால் முதல் பீஸை அளந்து ஓகே ஆன பிறகே லைன் ஓடும்.

ஏஐக்குக் கொடுக்கும் பிராம்ப்ட்டும் ஒரு வொர்க் இன்ஸ்ட்ரக்‌ஷன்தான். அதற்கும் அதே மரியாதை வேண்டும். ஆனால் பல இடங்களில் அது ஒருவருடைய வாட்ஸ்அப்பிலும் இன்னொருவருடைய எக்செல் கோப்பிலும் கிடக்கிறது. எது இப்போது ஓடுகிறது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

ஓர் எடுத்துக்காட்டு பார். இரவு ஷிஃப்ட் குறிப்பில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்: “ஆர்.எச். பிராக்கெட், வெல்டில் ஓட்டை, 3 ரீவொர்க், 1 ஸ்கிராப், மீதி லாட் ஹோல்ட்.” பாகம், குறை, ரீவொர்க், ஸ்கிராப், லாட் நிலை என்று ஐந்தையும் ஏஐ தனித்தனியாக எடுத்துத் தர வேண்டும். அறிக்கை நீளமாக இருக்கிறதென்று யாரோ ஒருவர் பிராம்ப்ட்டில் “சுருக்கமாக எழுது” என்று ஒரு வரி சேர்க்கிறார். இப்போது “4 பீஸ் ரிஜெக்ட்” என்று வருகிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ரீவொர்க்கும் ஸ்கிராப்பும் ஒன்றாகிவிட்டன, லாட்டை நிறுத்திவைக்கச் சொன்ன ஹோல்ட் காணாமல் போய்விட்டது. காலை ஷிஃப்ட் அந்த லாட்டை எடுத்து ஓட்டினால் குறை வாடிக்கையாளரின் லைனில் போய்த்தான் தெரியும்.

இதைத் தடுக்கத்தான் கருவிகள். பிராம்ப்ட்ஃபூ என்ற திறந்த மூலக் கருவியில், பிராம்ப்ட்டின் பழைய வடிவம், புதிய வடிவம், சோதனைக் குறிப்புகள், ஒவ்வொன்றின் பதிலிலும் கட்டாயம் இருக்க வேண்டியவை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் எழுதி வைக்கலாம். ஓட்டினால் எது தேறியது, எது தவறியது என்று அருகருகே அட்டவணையில் காட்டும். “ஹோல்ட்” என்ற சொல் பதிலில் இல்லாத இடம் உடனே கண்ணில் படும். லாங்ஃபியூஸ் என்ற கருவி பிராம்ப்ட்டின் ஒவ்வொரு வடிவத்துக்கும் எண் கொடுத்து, இப்போது ஓடுவது எது என்று அடையாளமிட்டு வைக்கும். புதியது சொதப்பினால் அடையாளத்தைப் பழைய வடிவத்துக்கு மாற்றினால் போதும். அதை உங்கள் சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம் என்பது ஒரு வசதி. ஆனால் ஏஐ மாடல் வெளி சர்வரில் இருந்தால் குறிப்புகளும் வெளியே போகும். வாடிக்கையாளரின் பாக எண்ணோ டிராயிங்கோ அனுமதியில்லாமல் அங்கே போகக் கூடாது.

எந்தக் கருவியாக இருந்தாலும் பிராம்ப்ட்டும் சோதனைக் குறிப்புகளும் சாதாரண எழுத்துக் கோப்புகளாக, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் உங்கள் கிட் (Git) களஞ்சியத்தில் இருக்கட்டும். இந்தத் துறையில் பேர்பெற்ற ஹியூமன்லூப் என்ற நிறுவனம் 2025-இல் சேவையை நிறுத்திக்கொண்டது. கருவி போனாலும் உங்கள் உழைப்பு உங்களிடம் தங்க வேண்டும்.

உண்மையான சொத்து சோதனைக் குறிப்புகள்தான். தவறைத் தடுக்கும் போகா-யோகே வேலை செய்கிறதா என்று பார்க்க ஷிஃப்ட் தொடக்கத்தில் நல்ல பீஸான ஓகே மாஸ்டரையும் குறையுள்ள என்ஜி மாஸ்டரையும் போட்டுப் பார்ப்பீர்கள் அல்லவா? இங்கேயும் இரண்டும் வேண்டும். எண்ணிக்கையே எழுதாத குறிப்பு, தமிழும் இந்தியும் கலந்த குறிப்பு, ஒன்றுக்கொன்று முரணான குறிப்பு ஆகியவற்றைக் கட்டாயம் சேர். எண்ணிக்கை இல்லாத இடத்தில் “தகவல் இல்லை” என்பதே சரியான விடை. ஏஐ அங்கே ஓர் எண்ணைத் தானாகப் போட்டால் அந்த பிராம்ப்ட் தோற்றது. ஒரே கேள்விக்கு எப்போதும் ஒரே பதில் வராது என்பதால் ஒவ்வொரு குறிப்பையும் பலமுறை ஓட்டு. ஒருமுறை தேறியதை வைத்து ஒப்புதல் தராதே.

பதில்களுக்கு மதிப்பெண் போட இன்னொரு ஏஐயையே நடுவராக வைக்கும் வசதியும் இக்கருவிகளில் உண்டு. வேலை மிச்சம்தான். ஆனால் அந்த நடுவர் ஓர் அளவுக்கருவி. யார் அளந்தாலும் அளவு ஒத்து வருகிறதா என்று ஆர் அண்ட் ஆர் பார்க்காமல் ஒரு கேஜை நம்புவாயா? அனுபவமுள்ள சூப்பர்வைசர் மதிப்பிட்ட பதில்களை அதனிடமும் கொடு. இருவரும் எங்கே வேறுபடுகிறார்கள் என்று பார்த்துத் திருத்திய பிறகு பயன்படுத்து. எண்கள் பொருந்துகின்றனவா என்பதற்கு நடுவரே வேண்டாம். நேரடி ஒப்பீடு போதும்.

மாடலை நடத்தும் நிறுவனம் புதிய பதிப்பை விட்டால், உன் பிராம்ப்ட்டில் ஓரெழுத்தும் மாறாமலே பதில் மாறலாம். அதை 4எம் (ஆள், மெஷின், பொருள், முறை) மாற்றமாகவே எடுத்துக்கொள், இங்கே மெஷின் மாறியிருக்கிறது. எல்லாச் சோதனையையும் திரும்ப ஓட்டு.

கடைசியாக, இந்தக் குழுவில் லைன் ஆட்களுக்கு இடம் கொடு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வேலை செய்கிறவர்கள் உங்கள் லைனிலும் இருப்பார்கள். அவர்கள் எழுதும் குறிப்புக்கு என்ன பொருள் என்று அவர்களுக்குத்தான் தெரியும். சரியான விடையை அவர்களிடம் கேட்டு எழுது. இந்த வாரமே பழைய ஷிஃப்ட் குறிப்புகளிலிருந்து இருபதைத் தேர்ந்தெடுத்து, எழுதியவரோடு உட்கார்ந்து விடைகளை உறுதி செய். அது முடிந்த பிறகு கருவியை நிறுவு.

அன்புடன்,
உன் அண்ணன்