கைக்கு எட்டுகிற தூரம்

செல்லம் கயலுக்கு,

நீ அனுப்பிய அடுப்படிப் படங்களை உன் பெரியப்பாவும் நானும் ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். எல்லாம் வெள்ளை வெளேர் என்று கண்ணைப் பறிக்கிறது. ஆசைப்படுவதில் தப்பே இல்லை கண்ணு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த இருட்டு அடுப்படியில் ஒழுகுகிற சிங்க்கோடு மல்லுக்கட்டியவள் நீ. இப்போது கொஞ்சம் காசு சேர்ந்து, மாப்பிள்ளையும் சரியென்று சொல்லி, கொத்தனாருக்கு அட்வான்ஸும் கொடுத்தாகிவிட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் அத்தனை படத்தில் ஒன்றிலாவது சமைக்கிற ஆள் நிற்கிறாளா, கவனித்தாயா? அதுதான் எனக்குக் கவலை.

மேடை எவ்வளவு உயரம் என்று போனில் கேட்டேன். "கொத்தனார் எப்பவும் வைக்கிற அளவுதான் பெரியம்மா" என்றாய். அவர் எப்போதும் வைக்கிற அளவு உன் அளவு ஆகுமா? நீ ஐந்தடிக்குக் கொஞ்சம் மேலே. செருப்பில்லாமல் நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கு. தரையிலிருந்து முழங்கை வரை மாப்பிள்ளையை டேப் பிடிக்கச் சொல். அதில் நாலு அங்குலம் கழித்தால் வருவதுதான் நீ காய் நறுக்கவேண்டிய உயரம். உனக்கு 33, 34 அங்குலம் வரும் என்று நினைக்கிறேன். அடுப்பு வைக்கிற பக்கத்துக்கு அந்தக் கணக்கு ஆகாது. மேடைமேல் வைக்கிற அடுப்பே நாலைந்து அங்குலம் இருக்கும். அதன்மேல் குக்கரையோ குழம்புச் சட்டியையோ ஏற்றினால், தோளைத் தூக்கித் தூக்கித்தான் கிண்டவேண்டும். இருபது வருஷம் அப்படிக் கிண்டினால் தோள்பட்டை என்னத்துக்கு ஆகும்? அடுப்பு இருக்கிற பகுதியை மட்டும் நாலு அங்குலம் இறக்கிக் கட்டச் சொல். கல்லை அறுத்துப் பதிக்கிற அடுப்பு வாங்குவதாக இருந்தால் அவ்வளவு இறக்கத் தேவையில்லை. அதனால் அடுப்பை முதலில் வாங்கிவிடு, மேடையைப் பிறகு கட்டலாம். இன்னொன்று, இந்த உயரமெல்லாம் புதுத் தரையிலிருந்து அளக்கவேண்டியது. பழைய தரைமேலேயே டைல்ஸ் ஒட்டினால் தரை உயர்ந்து, அந்த அளவுக்கு மேடை குறைந்துபோகும்.

இவ்வளவு பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் நம் அம்மாச்சி. கீழமாசி வீதிப் பக்கம் அவர்கள் வீடு இருந்தபோது நான் சின்னப்பிள்ளை. விறகடுப்புக்கு எதிரே மணைப்பலகையைப் போட்டு உட்கார்ந்தார்கள் என்றால், சமையல் முடிகிறவரை எழுந்திருக்கமாட்டார்கள். வலது கைப் பக்கம் அஞ்சறைப்பெட்டி, இடது பக்கம் தண்ணீர்க் குடம், முதுகுக்குப் பின்னால் அரிசிப் பானை, சுவர் மாடத்தில் உப்பு ஜாடி. திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டிக் கடுகை அள்ளுவார்கள். பிறகு காஸ் அடுப்பு வந்தது, நின்று சமைக்க மேடையும் கட்டினார்கள். கட்டுகிற அன்றைக்கு அளவுக்குப் பக்கத்தில் நின்றது நம் பெரிய மாமா, ஆறடி ஆள். அம்மாச்சி கடைசிவரை அதே மணைப்பலகைமேல் ஏறி நின்றுதான் குழம்பைக் கிண்டினார்கள். ஒருத்தர்கூட அவர்களை நிற்கவைத்து அளக்கவில்லை. அந்த வீட்டில் மூன்று வேளையும் சமைத்தது அவர்கள்தான் என்பது எல்லாருக்கும் தெரியும்.

சரி, அடுப்படியை உடைக்கிற மாசம் சாப்பாட்டுக்கு என்ன வழி என்றேன். போனில் ஆர்டர் போட்டுக்கொள்வோம் என்கிறாய். மதுரையில் குடியிருந்துகொண்டு இப்படிச் சொல்ல உனக்கு எப்படி மனசு வந்தது? நீ இருப்பது சிம்மக்கல்லில். நாலு தெரு நடந்தால் பாதி ஊர் சாப்பாடு. டப்பாவில் வருவது சாப்பாடு மட்டும்தான். நேரில் போனால் சமைக்கிற ஆளையும் பார்க்கலாம், அது உனக்கு இப்போது மிகவும் வேண்டியது.

கோனார் கடைக்குக் கூட்டம் சேர்வதற்கு முன்னால் போய், கல் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார். கறி தோசை சொல்லிவிட்டு, வருகிறவரை மாஸ்டரின் கையையே பார். மாவைக் கனமாக ஊற்றுவார், மேலே முட்டை, அதன்மேல் கொத்துக்கறி. திருப்பிப் போட்டு, கறி கல்லோடு ஒட்டி முறுகுகிறவரை அழுத்திவிடுவார். இத்தனைக்கும் அவர் பாதம் எத்தனை தடவை நகர்கிறது என்று பார். மாவு ஒரு பக்கம், எண்ணெய் ஒரு பக்கம், கறிச் சட்டி கைக்கு நேரே, தட்டு அடுக்கு இடுப்புக்குப் பக்கத்தில். எந்த மாஸ்டரைப் பார்த்தாலும் அப்படித்தான். பரோட்டாக் கடையில் மாவு வீசுகிற பலகைக்கும் கல்லுக்கும் நடுவே அரைத் திருப்பம்தான் இடைவெளி. ராத்திரி பூராவும் நிற்கிற உடம்புக்கு ஒரு எட்டு மிச்சமானாலும் லாபம் என்று அவர்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து சாக்பீஸ் எடுத்துத் தரையில் கோடு போட்டுப் பார். அடுப்பு இங்கே, சிங்க் இங்கே, ஃபிரிட்ஜ் இங்கே. ஒரு காபி போடுகிற மாதிரி நடந்து பார். பாலுக்கு ஃபிரிட்ஜ் வரை ஆறு எட்டு வைத்தாயானால் கோட்டை அழித்துத் திரும்பப் போடு. கோட்டை அழிக்கக் காசு கிடையாது.

எங்கே சாப்பிடலாம் என்று ஊரெல்லாம் விசாரிக்கவேண்டாம். பெரிய பேர் வாங்கிய கடையை வெளியூர்க்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். உனக்கு வேண்டியது தினம் போகிற கடை. புதுக் கடைக்குப் போனதும் உட்கார்ந்துவிடாதே. தட்டு கழுவுகிற இடத்தை ஒரு பார்வை பார். சட்னி சின்னச் சட்டியில் அடிக்கடி வருகிறதா, பெரிய வாளியில் காலையிலிருந்து கிடக்கிறதா பார். ஆட்டோக்காரர்களும் பக்கத்துக் கடைப் பையன்களும் தினம் வந்து சாப்பிடுகிற இடமென்றால் அங்கே சரக்கு தேங்காது. வடைச் சட்டியில் எண்ணெய் கறுத்து, கெட்டியாகி, நுரை தள்ளினால் திரும்பி வந்துவிடு. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய்க்கு 2018 ஜூலையிலிருந்து சட்டமே வரம்பு வைத்திருக்கிறது. கடையில் 14 இலக்க உணவு உரிம எண் மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பதும் நல்ல பழக்கம். நியூஸ் பேப்பரில் வடையைப் பிழிந்து சாப்பிடுகிற பழக்கம் உன்னிடம் காலேஜ் நாளிலிருந்து உண்டு, எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. அந்த மை வயிற்றுக்குள் போகும். வாழை இலைத் துண்டு கேட்டு வாங்கு, நம் ஊரில் இல்லையென்று சொல்லமாட்டார்கள்.

சாயங்காலம் முள்ளுமுருங்கைப் பூரி கண்ணில் பட்டால் விடாதே. சௌராஷ்டிர வீட்டுக்காரர்கள் கைப்பக்குவம், சளிக்கு நல்லது என்று அம்மாச்சி வாங்கித் தருவார்கள். தள்ளுவண்டியில் பருத்திப்பால் வரும். சுக்கும் கருப்பட்டியும் சேர்ந்து தொண்டையில் இறங்குகிற அந்தச் சூட்டுக்கு ஈடு எதுவும் கிடையாது. குட்டிப்பயல் அழுதால் ஒருநாள் விளக்குத்தூண் பக்கம் கூட்டிப்போய் ஜிகர்தண்டா வாங்கிக் கொடு, ஒருநாள்தான்.

மூன்று வேளையும் வெளியே சாப்பிடாதே. நடையில் ஒரு மேஜை போட்டு இன்டக்ஷன் அடுப்பை வை. சோறு, ரசம், பிள்ளைக்குப் பருப்பு மட்டும் வீட்டில். குழம்பும் பொரியலும் மெஸ்ஸிலிருந்து வரட்டும். வாங்கப் போகும்போது எவர்சில்வர் தூக்கை எடுத்துக்கொண்டு போ. கொதிக்கிற அயிரை மீன் குழம்பைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கட்டிக் கொண்டுவந்து பிள்ளைக்குப் போடக்கூடாது. தூக்கோடு தினம் போகிறவளைக் கடைக்காரருக்கும் அடையாளம் தெரியும். ஒரு கரண்டி கூட ஊற்றுவார்.

இனி கல் விஷயம். வெள்ளைப் பளிங்கு வேண்டவே வேண்டாம் கயலு. புளியும் எலுமிச்சையும் பட்ட இடத்தில் பளபளப்பு அரித்துப்போகும். நம் வீட்டில் புளி கரைக்காத நாள் எது? குவார்ட்ஸ் என்று விற்பதில் பிசின் கலந்திருக்கும். அடுப்பிலிருந்து இறக்கின வாணலியை அப்படியே வைத்தால் தழும்பு விழும். கறுப்போ பழுப்போ, கிரானைட் போடு. வெள்ளை ஆசைக்குச் சுவர் இருக்கிறது, டைல்ஸை வெள்ளையாகவே ஒட்டிக்கொள். இடுக்குக்கு மட்டும் சிமெண்ட் பூச்சு வேண்டாம், எபாக்ஸி பூசச் சொல். காசு கூடத்தான், ஆனால் மஞ்சள் கறை ஊறாது. சிங்க்குக்குக் கீழே பிளைவுட் அடிக்க ஆசாரி சொன்னால் தலையாட்டாதே. அந்த வீடு பழசு, கரையான் இருக்கிறது. அங்கே கடப்பா கல் தட்டுப் போட்டுக் கதவு மட்டும் மாட்டட்டும். மற்ற அலமாரிக்குப் பலகை வாங்கும்போது ஐ.எஸ். 710 என்று முத்திரை இருக்கிறதா என்று நீயே புரட்டிப் பார்.

சிலிண்டரை உள்ளே வைப்பதாக இருந்தால், ரெகுலேட்டர் மாட்டி, மேடைக்கு அடியில் நுழைகிறதா என்று அளந்துகொள். அடுப்புப் பக்கத்தை இறக்குவதால் இடிக்கக்கூடும், அப்போது உயரமான பக்கத்துக்குக் கீழே வை. காஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடுதான் தேங்கும். மேலே ஃபேன் ஓடுகிறது என்று நம்பிவிடாமல், சிலிண்டர் இருக்கிற அலமாரிக் கதவின் அடிப்பக்கத்தில் காற்று போக வழி விடச் சொல். ரப்பர் குழாயில் போட்டிருக்கிற தேதியைப் பார்த்து மாற்று. 1906 என்ற எண்ணைக் கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டு, காஸ் கசிந்தால் கூப்பிடுவதற்கு. கிரைண்டர், மிக்ஸி, இன்டக்ஷன் மூன்றும் எங்கே நிற்கும் என்று முடிவு செய்துவிட்டு எலக்ட்ரீஷியனை வரச்சொல். இன்டக்ஷனுக்கு 16 ஆம்பியர் பிளக் கேள். டைல்ஸ் ஒட்டினபிறகு சுவரை உடைத்தால் கொத்தனார் முகத்தைப் பார்க்கமுடியாது.

வேலை நடக்கும்போது உனக்கு இரண்டு காரியம். சுவரைப் பூசி மூடுவதற்கு முன்னால் குழாயும் ஒயரும் போகிற வழியை, ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடு. பத்து வருஷம் கழித்து ஆணி அடிக்கும்போது அந்தப் படம் உன்னைக் காப்பாற்றும். அடுத்தது, மிச்சமான டைல்ஸைத் தூக்கிப் போடாதே. ஒரு பெட்டியாவது பரணில் ஏற்று. அதே நிறம் திரும்பக் கிடைக்காது. கல் அறுக்கிற நாளில் பிள்ளையை ஆத்தா வீட்டுக்கு அனுப்பிவிடு. அவனுக்கு வீசிங் இருக்கிறது, அந்தத் தூசி அவன் மூச்சுக்கு ஆகாது. வாசலில் ஈரச் சாக்கைத் தொங்கவிடு, தண்ணீர் ஊற்றித்தான் அறுக்கவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்.

கடைசித் தவணைக் கூலி கொடுப்பதற்கு முன்னால் சிங்க்கை அடைத்து விளிம்பு வரை தண்ணீர் நிரப்பு. ஒரே மூச்சில் திறந்துவிட்டு, குனிந்து கீழே குழாய் மூட்டைக் காய்ந்த துணியால் தடவு. துணி நனையாமல் இருந்தால் கையோடு பணத்தைக் கொடு, கூடவே வேலையாட்களுக்கு ஒரு வேளை நல்ல சாப்பாடும் போடு.

சிங்க் பக்கத்து உயரத்தை எழுத மறந்துவிட்டேன் பார். பாத்திரம் கிடப்பது தொட்டியின் அடியில். அதனால் அந்தப் பக்கம் இரண்டு அங்குலம் கூடவே இருக்கலாம். உங்கள் வீட்டில் ராத்திரிப் பாத்திரம் தேய்ப்பது மாப்பிள்ளைதானே? தங்கமான பிள்ளை. அவர் முழங்கையையும் அளந்து எனக்கு எழுது. இரண்டு அளவும் வருகிறவரை கல்லை அறுக்கச் சொல்லாதே. கிரானைட் கடைக்கு என்றைக்குப் போகிறீர்கள் என்று சொன்னால், பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸுக்கே வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
பெரியம்மா
திண்டுக்கல்