வண்டிக்கும் மூச்சு உண்டு

வண்டி ஓடப் பெட்ரோல் மட்டும் போதுமா? போதாது. காற்றும் வேண்டும். இரண்டும் சரியான அளவில் கலக்க வேண்டும்.

பழைய பைக்கில் இந்த வேலையைக் கார்புரேட்டர் செய்கிறது. உள்ளே பாயும் காற்று பெட்ரோலை இழுத்துக்கொள்ளும்.

2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் பி.எஸ். 6 புகை விதி வந்தது. அதன்பின் வந்த பெரும்பாலான புதிய பைக்குகளில் பியூயல் இன்ஜெக்ஷன் உள்ளது. சுருக்கமாக எப்.ஐ. என்பார்கள். சென்சார் அளவு பார்க்கும். சிறு கணினி கணக்குப் போடும். அதற்கேற்பப் பெட்ரோல் பீச்சும்.

மலை ஏறினால் என்ன ஆகும்? லடாக்கில் உள்ள லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. எந்த வண்டிக்கும் இழுவை குறையும். கார்புரேட்டரில் பெட்ரோல் மிஞ்சிப்போகும். கரும்புகை வரும். எப்.ஐ. வண்டி பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்ளும்.

ஆனால் எப்.ஐ.க்கு மின்சாரம் வேண்டும். பேட்டரி அடியோடு இறங்கினால் உதைத்தாலும் வண்டி கிளம்பாமல் போகலாம். இருட்டும் நேரத்தில் மலைப்பாதையில் நின்றுவிட்டால் ஆபத்து. எனவே புறப்படும் முன்பே பேட்டரியைச் சோதியுங்கள்.

உங்கள் வண்டியில் இருப்பது எது? மெக்கானிக்கிடம் கேட்டு எழுதுங்கள்.