மறந்த கை மீண்டும் கற்கும்

சோறு உண்ணும்போது எந்த விரல் எப்போது மடங்குகிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. சேலைக்குக் கொசுவம் வைப்பவரும் அப்படித்தான். கை தானாகவே செய்கிறது. அப்படிப் பழகிய கை பாரிசவாதத்துக்குப் பின் ஒரு கோப்பையைக்கூடப் பிடிக்க மறுத்தால் வீட்டார் கலங்குவது இயற்கை. ஆனால் பாதிப்புக்குப் பின்னும் மூளை பயிற்சியால் கற்கக்கூடியது. எவ்வளவு திரும்பும் என்பது பாதிப்பின் அளவைப் பொறுத்தது. அதற்கு வீட்டார் துணை நிற்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அறிவும் பழக்கமும்

ஒன்றை அறிந்திருப்பது வேறு, செய்யப் பழகியிருப்பது வேறு. 1953இல் அமெரிக்காவில் வலிப்பு நோய்க்காக மூளையில் சத்திரசிகிச்சை செய்யப்பட்ட ஹென்றி மொலேசன் என்பவருக்குப் புதிய நிகழ்ச்சிகள் எதுவும் நினைவில் தங்கவில்லை. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியை ஆய்வாளர் பிரெண்டா மில்னர் அவருக்குக் கொடுத்தார். மூன்று நாட்களில் அவர் கை நன்கு தேறியது. ஆனால் முன்பு வரைந்ததாக அவருக்கு நினைவே இல்லை! நாம் அறியாமலே கற்கும் வழியொன்று மூளையில் உண்டு என்பதை இது காட்டியது.

மூன்று படிகள்

ஒரு செயலைக் கற்பதில் மூன்று படிகள் உண்டென 1967இல் ஃபிட்ஸ், போஸ்னர் என்ற உளவியலாளர்கள் எழுதினர். பரதம் பழகும் பிள்ளையைப் பாருங்கள். முதலில் ஒவ்வொரு அடியையும் யோசித்து வைக்கிறது. பின்னர் பிழைகள் குறைகின்றன. கடைசியில் கால் தானாக ஆடுகிறது. மனம் பாவத்துக்குப் போகிறது.

பாரிசவாதம் வந்தவர் மீண்டும் முதற்படியில் நிற்கிறார். முன்பு யோசியாமல் நடந்தவர் இப்போது ஒவ்வொரு அடிக்கும் மனதைச் செலுத்த வேண்டும். அதனாற்றான் நடக்கும்போது பேச்சுக் கொடுத்தால் சிலர் நின்றுவிடுகிறார்கள். அது பிடிவாதமோ சோம்பலோ அல்ல.

சிட்னி தந்த வழி

இந்தக் கல்வி முறையைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்ததில் நம் சிட்னிக்குப் பெரும் பங்குண்டு. இங்கு பணியாற்றிய பிசியோதெரபிஸ்டுகளான ஜேனட் கார், ரொபேர்ட்டா ஷெப்பர்ட் இருவரும் 1982இல் வெளியிட்ட நூல் நோயாளியை ஒரு மாணவராகவே கண்டது. அவர்கள் வகுத்த படிகள் நான்கு: செயலில் எது குறைகிறது என ஆராய்தல், குறைந்த பகுதியைப் பழகுதல், முழுச் செயலையும் பழகுதல், பழகியதை அன்றாட வாழ்வில் பயன்படுத்தல். நான்காவது படி பெரும்பாலும் நம் வீட்டில்தான் நடக்கிறது.

வீட்டார் கவனிக்க வேண்டியவை

1. அன்பினால் எல்லாவற்றையும் நாமே செய்துவிடக் கூடாது. பயன்படுத்தாத கையைப் பயன்படுத்தாமல் இருக்கவே மூளை கற்றுக்கொள்ளும்.

2. வெறுமனே கையை ஆட்டுவதைவிட உண்மையான வேலை நல்லது: கோப்பையை எடுத்தல், துவாய் மடித்தல், பூவைத் தட்டில் வைத்தல். சூடான பானம் வேண்டாம்.

3. சொற்களைக் குறையுங்கள். "தோளை இறக்குங்கோ, முழங்கையை நீட்டுங்கோ" என்று அடுக்குவதைவிட, "அப்பா, அந்தக் கோப்பையை எடுங்கோ" என்பது பெரும்பாலும் உதவும். அங்கத்தைவிடச் செயலின் பயனில் கவனம் வைப்பவர் நன்றாகக் கற்கிறார் எனக் கப்ரியேலே வுல்ஃப் முதலியோர் 1998 முதல் வெளியிட்ட பல ஆய்வுகள் காட்டுகின்றன.

4. பல தடவை செய்யவேண்டும். களைத்தால் ஓய்வு வேண்டும். பழகும்போது தொலைக்காட்சியை நிறுத்திவிடுங்கள்.

5. நிற்றல், நடத்தல், விழுங்குதல் ஆகியவற்றைச் சிகிச்சையாளரின் ஆலோசனைப்படியே பழக்குங்கள்.

ஊட்டிவிட இரண்டு நிமிடம் போதும்; தாமே உண்ண அரை மணி நேரம் ஆகலாம். அந்த அரை மணி நேரம் பொறுத்திருப்பதே நாம் அவர்களுக்குச் செய்யும் பெரிய உதவி. கோயிலில் ஒரு பெரியவர் நடுங்கும் விரல்களால் திருநீறு எடுக்க முயன்றால், நாம் எடுத்துப் பூசிவிட அவசரப்படாமல் சற்றுக் காத்திருப்போம்.