பழைய படங்களும் புதிய தகடுகளும்: சித்திரத் தெளிவை மதிப்பிடும் முறை

பழைய திரைப்படங்கள் பல, புளூரே எனப்படும் உயர்தெளிவுத் தகடுகளில் இக்காலத்தே மீண்டும் வெளிவருகின்றன. படம் புத்தம் புதிதாய்த் துலக்கப்பெற்றது என்று மேலுறையில் அச்சிட்டு விற்பது வெளியிடுவோர் வழக்கம். அத்தகைய தகடொன்றை வாங்கிக் காண்பவன் அதன் சித்திரம் நன்றா, தீதா என்று எங்ஙனம் தீர்மானிப்பது? வினா சிறியதாய்த் தோன்றினும் விடை எளிதன்று. நன்று என்று காண்போர் எதனைப் புகழ்கின்றனரோ, அதனையே வெளியிடுவோரும் செய்து தருவர். பிழையான ஒன்றைப் புகழ்ந்தால் படமும் அப்பிழைக்கேற்பத் திருத்தப்படும். திருத்தப்பட்ட அவ்வுருவமே பின்வருவோருக்கு எஞ்சும்.

வடசென்னையில் வளர்ந்தோர்க்கு இவ்விஷயத்தில் ஒரு தனி இடர் உண்டு. இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் ஆகிய பகுதிகளில் துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைத்த மக்களுக்குச் சினிமாக் கொட்டகையே பெரும் பொழுதுபோக்காக இருந்தது. தண்டையார்பேட்டை அகஸ்தியா 1967 முதல் 2020 வரை நடைபெற்றதைப் பலர் நன்கறிவர். பழைய படங்களை மறுவெளியீட்டில் கண்டவர்கள், ஊரூராய்ச் சுற்றித் தேய்ந்த பிரதிகளையே பெரும்பாலும் கண்டனர். சுருளின் நெடுக விழுந்த கீறல்கள் திரையில் கோடு கோடாய் ஓடும். “படத்தில் மழை பெய்கிறது” என்று கொட்டகையில் கேலி எழும். அந்த மழையையே பழைய படத்தின் இயல்பென்று எண்ணிப் பழகிய கண்ணுக்கு, மழை நின்ற எந்தத் தகடும் அற்புதமாய்த் தோன்றும். மழை நின்றது மட்டும் போதாது. மழையோடு வேறு என்னென்ன அடித்துச் செல்லப்பட்டன என்பதையும் பார்த்தல் வேண்டும்.

இதற்கு உதாரணமாக, நம் நகரிலேயே படமாக்கப்பட்ட ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாட்டிய மேதை உதயசங்கர் இயற்றிய ஒரே திரைப்படமாகிய ‘கல்பனா’ 1948-இல் வெளிவந்தது. அதன் மொழி ஹிந்தியாயினும், அஃது உருவானது எஸ். எஸ். வாசன் அவர்களின் ஜெமினி ஸ்டூடியோவில். ஒளிப்பதிவு செய்தவர் கே. ராம்நாத். பின்னாளில் தமிழ்த் திரையில் பெரும்புகழ் எய்திய பத்மினி, தம் இளமையில் இதில் ஆடியிருக்கின்றார். வெளிவந்தபோது பொருள் ஈட்டாத இப்படம், 2012-இல் இத்தாலி நாட்டுப் பொலோனா நகரத்துத் தொழிற்கூடமொன்றில் மார்ட்டின் ஸ்கார்ஸேஸியின் உலக சினிமா ஸ்தாபனத்தாரால் செப்பனிடப்பெற்று, அவ்வாண்டே கான் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. 2022-இல் அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனத்தார் வேறு நாட்டுப் படங்களோடு சேர்த்து இதனைப் புளூரே தகட்டில் வெளியிட்டனர்.

இத்தகட்டைக் காண்பவர், படம் சில இடங்களில் கூர்மை குன்றி மெத்தென்றிருப்பதைக் கண்டு முகஞ்சுளித்தல் கூடும். தீர்ப்புரைக்குமுன் கேட்க வேண்டிய முதற் கேள்வி ஒன்றுண்டு: இஃது எந்தச் சுருளிலிருந்து எடுக்கப்பட்டது?

காமிராவினுள் ஓடி ஒளிபட்ட சுருளே மூல நெகட்டிவ். அதிலிருந்து ஒரு பாசிட்டிவும், அப்பாசிட்டிவிலிருந்து டூப் நெகட்டிவ் என்னும் இரண்டாம் நெகட்டிவும், அதிலிருந்து கொட்டகைப் பிரதிகளும் எடுக்கப்படும். ஒவ்வொரு படியிலும் நுட்பம் சிறிது குறையும். நிழலும் வெளிச்சமும் சிறிது முரடாகும். ஏட்டுச்சுவடியைப் பெயர்த்தெழுதுந்தோறும் பாடம் சிதைவதை அறிந்த தமிழ் மாணவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ‘கல்பனா’வைச் செப்பனிட்டவர்களுக்குக் கிடைத்தவை, புனாவிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருந்த ஒரு டூப் நெகட்டிவும் ஒரு பாசிட்டிவ் பிரதியுமே. எனவே அப்படத்தின் மென்மை, தகட்டின் குற்றமன்று. எஞ்சிய சுருளின் நிலைமை.

மூலச் சுருள்கள் அழிந்தமைக்குக் காரணம் பல. 1950-க்கு முற்பட்ட படங்கள் பெரும்பாலும் நைட்ரேட் பிலிமில் எடுக்கப்பட்டவை. அது எளிதில் தீப்பற்றும். பற்றினால் தண்ணீருக்குள்ளும் எரியும். புனாவிலேயே 2003-இல் நைட்ரேட் சுருள்கள் இருந்த கிடங்கு தீக்கிரையாயிற்று. பின்வந்த அசிடேட் பிலிம் தீக்கு அஞ்சாததெனினும், வெப்பமும் ஈரமும் மிகுந்த இடத்தில் மெல்லச் சிதைந்து காடி நாற்றம் வீசத் தொடங்கும். இரும்புக் கம்பியையே சில ஆண்டுகளில் துருவாக்கிவிடும் நம் கடற்கரைக் காற்று, பிலிமை மட்டும் விட்டுவைக்குமா? போதாக்குறைக்கு, பயனற்றவை என்று கருதப்பட்ட பிரதிகளை அவற்றிலுள்ள வெள்ளிக்காக விற்றோரும் இருந்தனர். தமிழின் முதற் பேசும்படமாகிய ‘காளிதாஸ்’ (1931) இன்று நமக்குக் கிடைக்கவில்லை. இந்நிலையில் ஒரு டூப் நெகட்டிவ் எஞ்சியிருப்பதும் பெரும் பேறே.

மூலச்சுருள் வேறுபாட்டைக் கண்ணாரக் காண விரும்புவோர் சத்யஜித் ராயின் அபு வரிசைப் படங்கள் மூன்றையும் பார்க்கலாம். அவற்றின் மூல நெகட்டிவுகள் 1993-இல் லண்டனில் நேர்ந்த தீவிபத்தில் கருகின. கருகியவற்றைப் பொலோனாவில் இரசாயன முறையால் மீண்டும் இளக்கிப் பயன்படுத்தினர். ‘பதேர் பாஞ்சாலி’யில் ஏறக்குறைய நூற்றுக்கு 40 பங்கும், ‘அபராஜிதோ’வில் 60 பங்குக்கு மேலும் மூல நெகட்டிவிலிருந்தே வந்தவை, ‘அபுர் சன்சார்’ முழுவதும் பிற சுருள்களிலிருந்து எடுக்கப்பட்டது. 2015-இல் முடிவுற்ற இத்திருப்பணியின் தகடுகளில், ஒரே படத்தினுள் ஒரு காட்சி பளிச்சென்றும் அடுத்தது சற்று மங்கியும் இருப்பது அதனாலேயே. காட்சியொன்று கரைந்து மற்றொன்றாய் மாறும் இடங்களிலும் இத்தகைய மங்கல் தோன்றுவதுண்டு. அக்காலத்தில் அப்பகுதியைத் தனியே மறுபடியெடுத்து ஒட்டினர் என்பதே அதன் காரணம். இதனை அறியாதார் தகட்டைப் பழிப்பர்.

நிற்க. இனித் தகட்டின் மெய்யான குற்றங்களுக்கு வருவோம். அவற்றுள் தலையானது, தூய்மை செய்கின்றோம் என்று துகளைத் துடைப்பது. பிலிமின் உருவம் நுண்ணிய வெள்ளித்துகள்களால் ஆயது. அத்துகள்கள் கட்டத்திற்குக் கட்டம் இடம் மாறுவதால், திரையில் மெல்லிய மணற்பரப்பு ஒன்று உயிர்ப்போடு அசைவதுபோலத் தோன்றும். தொழில் செய்வோர் இதனைக் கிரெயின் என்பர். இஃது அழுக்கன்று, முகத்தின் சுருக்கமும், கூந்தலின் இழையும், பட்டாடையின் நெசவும் இத்துகளாலேயே எழுதப்பட்டுள்ளன. கணக்கிடும் யந்திரத்தைக்கொண்டு துகளை அளவுமீறி அகற்றினால் அவையும் உடன் போய்விடும். நடிகர் முகம் மெழுகுப் பொம்மைபோல் வழவழப்பாகும். அதன்பின், போன கூர்மையை ஈடுசெய்ய விளிம்புகளைச் செயற்கையாய்க் கூராக்குவர். அப்போது உருவத்தைச் சுற்றி வெண்கோடொன்று ஒளிவட்டம்போல் நிற்கும். பின்னணி வெளுத்திருக்கும் காட்சியில் ஒருவர் தோளின் ஓரத்தை உற்றுநோக்கின் இது புலப்படும். கீறல்களும் பொட்டுகளும் நிறைந்த ஒரு தகடு, மெழுகு முகம் காட்டும் தகட்டினும் மேலானது என்பதே என் கருத்து. கீறலை நாளை நீக்கலாம். துடைத்த துகளை அத்தகட்டிலிருந்து மீட்க இயலாது.

அடுத்தது கருமையும் வெண்மையும். ‘கல்பனா’வில் தொழிலாளரும் யந்திரமும் பற்றிய ஆட்டமொன்று உண்டு. மனிதர்கள் சக்கரங்களும் நெம்புகோல்களும்போல் அசைந்து யந்திரத்தின் உறுப்புகளாகவே ஆகிவிடுவர். எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் ஆலைச்சங்கின் ஒலிக்கு எழுந்து நடந்த குடும்பத்தினர் இக்காட்சியை எளிதில் மறவார். இத்தகைய நிழல் மிகுந்த காட்சிகளே நல்ல உரைகல். நிழலினுள் உடலின் வடிவம் படிப்படியாய்க் கரைந்து இருளாவது தெரிகின்றதா, அன்றி எல்லாம் ஒரே மைக்கட்டியாய் அமிழ்ந்துவிடுகின்றதா? வெளிச்சம் பட்ட இடத்தில் சதையின் நயம் தெரிகின்றதா, அன்றிச் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிடுகின்றதா? கண்ணைக் கவரும்பொருட்டு முரண்பாட்டை மிகுத்த தகடு கடையிலே பகட்டாகத் தோன்றும். ராம்நாத் அமைத்த ஒளியோ அதில் இராது.

தகட்டின் கொள்ளளவு பற்றிச் சிறிதே சொல்லலாம். நம் நாட்டில் வழங்கிய டிவிடி தகட்டில் ஒரு கட்டத்துக்கு 720-க்கு 576 புள்ளிகள். புளூரேயில் 1920-க்கு 1080. பெருக்கிப் பார்த்தால் சரியாக ஐந்து மடங்கு. ஆயினும், டிவிடிக்கென எடுத்த பழைய பதிவையே பெரிதாக்கிப் புளூரேயில் ஏற்றி விற்றால் அம்மடங்கு மேலுறையில் மட்டுமே இருக்கும்.

தகட்டைக் குறைகூறுமுன் தொலைக்காட்சிப் பெட்டியையும் நோக்குக. கூர்மையையும் நிறத்தையும் மிகுதியாக வைத்தே கடைக்காரர் பெட்டியை விற்பர். அசைவை வழுக்கென ஆக்கும் வசதியொன்றும் அதில் இயங்கிக்கொண்டிருக்கும். நொடிக்கு 24 கட்டங்களாய் எடுத்த படத்தின் இடையிடையே இல்லாத கட்டங்களை அது கற்பித்துச் செருகும். இவற்றை நிறுத்திய பின்னரே சோதனையைத் தொடங்கல் வேண்டும்.

இறுதியாகச் சட்டத்தின் வடிவம். அக்காலப் படங்களின் அகலம் உயரத்தைப்போல் ஏறக்குறைய 1.37 மடங்கு. இன்றைய தொலைக்காட்சியின் அகலமோ 1.78 மடங்கு. ஆதலின் பழைய படத்தை முறைப்படி வைத்தால் இருபுறமும் கரும்பட்டைகள் நிற்கும். அவற்றை நிரப்ப வேண்டுமாயின் மேலும் கீழும் வெட்டல் வேண்டும். அன்றேல் பக்கவாட்டில் இழுத்து மனிதரைக் குட்டையாக்கல் வேண்டும். வெட்டினால் படத்தில் நூற்றுக்கு 23 பங்கு போகும். 2.35 மடங்குள்ள சினிமாஸ்கோப் வடிவத்துக்கு வெட்டின் 42 பங்கு போகும். 1964-இல் வெளிவந்த ‘கர்ணன்’ 2012-இல் புதுப்பிக்கப்பெற்றுக் கொட்டகைக்கு வந்து பெருவெற்றி கண்டபோது அகலத்திரை வடிவிலேயே வந்தது. பழைய படங்களுக்கு இன்னும் கூட்டம் சேரும் என்று தமிழ்நாட்டார்க்கு மெய்ப்பித்த அவ்வெளியீட்டை நான் பாராட்டுகின்றேன். எனினும் அதனையே முன்மாதிரியாய்க் கொண்டு ஏனைய படங்களையும் அகலமாக்கும் வழக்கத்தை ஏற்க என்னால் இயலவில்லை.

நாட்டியப் படத்தில் இக்குற்றம் இருமடங்காகும். ஆடுவோரின் தலைக்குமேல் உயர்ந்த கையும் நிலத்தைத் தட்டும் பாதமும் ஒருங்கே அடங்கும்படி ராம்நாத் காமிராவை நிறுத்தினார். ‘கல்பனா’ தகட்டில் அச்சட்டம் குறையாமல் இருக்கின்றது. ஆயினும் வீட்டிலே யாரேனும், திரை வீணாகின்றதே என்று கரும்பட்டையைப் போக்கும் பொத்தானை அழுத்திவிடுவர். அழுத்தியதும் திரை நிறையும். உதயசங்கரின் பாதங்கள் மறைந்துவிடும்.